எழுச்சிக்குப் பத்து வெட்டுக்கிளிகள்

எழுச்சி வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் அவர் பூசியிருக்கும் சென்ட் வந்துவிடும். வெட்டுக்கிளி வளர்க்கிற அறையில் ஒரு நெடி உண்டு. நசுங்கிய புல், கழிவு, பல்புச் சூடு எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். அதையே அமுக்கிக்கொண்டு ஒரு வாசனை உள்ளே வந்ததென்றால் மனிதர் எவ்வளவு கொட்டியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சியக்கா தலை நிமிரவில்லை. கம்பிவலைப் பெட்டிக்குள் கையை விட்டு, காய்ந்த புல்லை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் மூன்று அறைகள், மூன்றிலும் சுவர் நெடுக இப்படிப் பெட்டிகள். பறவை வளர்ப்பவர்களும் விலங்குக் காட்சிசாலைக்காரர்களும் பல்லி, ஓணான் வைத்திருக்கிறவர்களும் தீனிக்காக உயிரோடு வாங்கிப் போகும் வெட்டுக்கிளிகள். பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கிய பூச்சியக்காதான் அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை பாதி, அவள் நாக்குக்குப் பயம் பாதி.

எழுச்சி அவளுடைய தங்கை வீட்டுக்காரர். சுவரொட்டியில் 'எழுச்சி நாயகர்' என்று போட்டிருக்கும். நாயகர் என்பதற்கு எந்த ஆதாரமும் தென்படவில்லை என்று பூச்சியக்கா அதை வெட்டிவிட்டாள். முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். இப்போது கூட்டம் போட்டு நம்பிக்கை விற்கிறார். அந்த இயந்திரமாவது தண்ணீரைக் கொஞ்சம் சுத்தம் செய்தது.

"அண்ணி, ஒரு சின்ன உதவி," என்றார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சின்னதுன்னா போன்லயே கேட்டிருப்பீங்களே, மாப்பிள்ளை. சொல்லுங்க."

"சனிக்கிழமை பெரிய அரங்கத்துல நிகழ்ச்சி. எண்ணூறு பேர். தலைப்பே சும்மா தூக்குது பாருங்க, 'உரித்தெறி, உயர்ந்திடு!' அன்னைக்கு மேடையில ஒரு வெட்டுக்கிளி உயிரோட தோலுரிக்கணும். கேமராவைக் கிட்ட வெச்சுப் பெரிய திரையில காட்டுறோம். பதினொரு மணிவாக்குல உரிச்சா சௌகரியமா இருக்கும்."

"அதுங்ககிட்ட கேட்டீங்களா? அன்னைக்கு அதுங்களுக்கு வேற வேலை இருக்கோ என்னவோ."

எழுச்சி சிரித்தார். அவர் சிரிப்பே எண்ணூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். சிரித்து முடித்ததும் குரலை இறக்கி, மேடையில் முக்கியமான வரிக்கு முன்னால் செய்வதுபோல ஒரு கணம் கண்ணை மூடினார். "பழைய தோலைத் தூக்கி எறிஞ்சாத்தான் வளர்ச்சி, அண்ணி. ஒரு பூச்சிக்குத் தெரியுது. மனுஷனுக்குத் தெரியலையே!"

பூச்சியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அரைகுறையைப் பொறுக்கமாட்டாள்.

"தோலை எறிஞ்சதால அது வளரல, மாப்பிள்ளை. தின்னு தின்னு உள்ள வளருது, மேல்தோல் நீளாது, இறுக்கிப் பிடிக்குது. அடியில புதுத்தோல் மடிச்சு மடிச்சுத் தயாராகுது. எல்லாம் ஆன பிறகு தலைகீழாத் தொங்கி, காத்தை முழுங்கி உடம்பை உப்ப வெச்சு, பழசைப் பிளந்துகிட்டு வெளிய வருது. அடியில ஒண்ணும் தயாராகாம மேலே இருக்கறதை உரிச்சா அதுக்குப் பேரு வளர்ச்சி இல்ல, சாவு."

"இவ்வளவு டீட்டெயில் மேடைக்கு வேண்டாம் அண்ணி. ஜனங்க குழம்பிடுவாங்க." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். போகிற போக்கில்தான் அதைச் சொன்னார். "அன்னைக்கு நம்ம வீட்டம்மாதான் உச்சக்கட்டம். வெட்டுக்கிளி உரிச்சு முடிச்ச கையோட அவ மேடை ஏறுவா. ஸ்பீக்கர் போன்ல ஆஃபீஸ் மேடத்தைக் கூப்பிட்டு, எண்ணூறு பேர் முன்னால, 'வேலையை விட்டுட்டேன்'னு சொல்லுவா. அரங்கம் அதிரும் பாருங்க!"

பூச்சியக்கா கையிலிருந்த புல்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

தங்கைக்கு ரத்த வங்கியில் வேலை. ரத்தத்தின் வகை பார்த்து, பொருத்தம் பார்த்து அனுப்புகிற பரிசோதகர். ஆண்டுக்கணக்காகத் தற்காலிகமாக இருந்து, தேர்வுமேல் தேர்வு எழுதி, இரண்டு முறை தோற்று, போன வருஷம்தான் நிரந்தரம் ஆனது. அந்தத் தேர்வுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் பூச்சியக்கா. ஆணை வந்த அன்று இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்திலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்காத வேலை அது. அதை விட்டுவிட்டு, புருஷனுக்கு 'நிகழ்ச்சி இயக்குநர்' ஆகப் போகிறாளாம். அதாவது நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, மைக்கில் ஊதிப் பார்க்கிற உத்தியோகம்.

அன்று மாலையே தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஆரம்பிச்சுட்டியா? முதல்ல சாப்பிட்டியான்னு கேளு."

"அந்த ஆளு சொன்னான்னு கிணத்துல குதிப்பியா? அவன் வாய்ப்பந்தலை நம்பி நிழல்ல ஒதுங்கப் பார்க்கறியே."

"அக்கா, அவரை 'அந்த ஆளு'ன்னு சொல்லாதே. உனக்கு எப்பவாவது யாரையாவது பிடிச்சிருக்கா? என் சிநேகிதி ஒருத்தியைப் பத்திக்கூட நீ நல்ல வார்த்தை சொன்னதில்ல. நான் எந்த ஓட்டல்ல சாப்பிட்டாலும் நொட்டை, எந்தச் செருப்பு வாங்கினாலும் நொள்ளை. எனக்கும்தான் பயமா இருக்கு. நான் யோசிச்சுக்கிட்டுத்தான்…"

"யோசிக்கற மூஞ்சியைப் பாரு," என்று பூச்சியக்கா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை எழுச்சி மறுபடி வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. வைர நெக்லஸ் வைக்கிற மாதிரி நாலு பக்கமும் பளபளவென்று இருந்தது.

"அண்ணி, ஒண்ணு வேண்டாம். அது உரிக்காமச் சொதப்பிட்டா மானம் போயிடும். பத்து போடுங்க. பத்துல ஒண்ணாவது உரிக்கும். அப்புறம் அந்த இலை தழையெல்லாம் வேண்டாம். திரையில குப்பை மாதிரித் தெரியும். வெறும் குச்சி ஒண்ணு, அவ்வளவுதான். நீட்டா இருக்கணும்."

பூச்சியக்கா வாயைத் திறந்தாள்.

அந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எவருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. கடைசித் தடவை தோலுரிக்கப் போவதைத் தனியே எடுத்து வை. எந்தப் பெட்டியிலும் புல் காலியாக விடாதே. ஏனென்றால் தோலுரித்து வெளியே வந்த வெட்டுக்கிளி தோலுரித்த வாழைப்பழம் மாதிரி. எழுந்திருக்காது, உதைக்காது, ஓடாது. உடம்பு இறுகச் சில மணி நேரமாவது ஆகும். பக்கத்தில் இருக்கிறவை பசியோடு இருந்தால் அண்ணன் தம்பி என்று பார்க்காமல் தின்றுவிடும்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, மாப்பிள்ளை. பெட்டியை வெச்சுட்டுப் போங்க. காலையில நானே எடுத்துக்கிட்டு வர்றேன்."

எழுச்சி நெகிழ்ந்துபோனார். "உங்களுக்கு என்மேல கோபம்னு நினைச்சேன் அண்ணி," என்றார். பாவி மனுஷனுக்குக் கண்கூடக் கலங்கியது. பூச்சியக்கா அதைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் போனதும் உட்கார்ந்து, நிதானமாகப் பொறுக்கினாள். இறக்கை மொட்டுகள் தடித்து, தீனியை நிறுத்திவிட்டு, மந்தமாக உட்கார்ந்திருந்தவை இரண்டு. அவை நாளைக் காலை கட்டாயம் உரிக்கும். மிச்சம் எட்டும் நல்ல பசிக்காரன்களாகப் பார்த்து எடுத்தாள். அந்த எட்டுக்கும் அதற்குப் பிறகு ஒரு புல் போடவில்லை. எண்ணூறு பேர் முன்னால் மாப்பிள்ளையின் மூக்கு உடைந்தால் தங்கையின் போன் கைப்பையை விட்டு வெளியே வராது, அவ்வளவுதானே! இதில் என்ன பாவம்? அவர் கேட்டதைத்தானே கொடுக்கிறோம். இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவள் இல்லையா, சமாதானத்துக்கா பஞ்சம்?

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. காப்பீட்டுக் கம்பெனி ஒன்று தன் ஆட்களை மொத்தமாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தண்ணீர் பாட்டிலும் 'நான் எழுகிறேன்' என்று அச்சடித்த ஸ்டிக்கரும் வைத்திருந்தார்கள். எழுகிறவர்கள் எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்து சட்டையில் அதை ஒட்டிக்கொண்டார்கள். பூச்சியக்கா மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தாள். ஸ்டிக்கரைப் பாட்டிலில் ஒட்டினாள்.

இசை இடித்தது. எழுச்சி ஓடிவந்து மேடை ஏறினார். நடந்து வந்தால் எழுச்சி குறைந்துவிடும் போலிருக்கிறது.

"கை தட்டுங்க! எனக்கு இல்ல, உங்களுக்கு! நீங்க உங்களுக்கே தட்டிக்கலைன்னா வேற எவன் தட்டுவான்?"

தட்டினார்கள். தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொள்ள எண்ணூறு பேர் சனிக்கிழமை விடுமுறையை விட்டு வந்திருந்தார்கள். மேடை ஓரத்தில், திரைச்சீலையை ஒட்டித் தங்கை நின்றாள். புதுத் துணி, தோளில் கைப்பை. அக்காவைக் கண்டதும் லேசாகக் கை காட்டினாள். எதையோ சொல்லக் காத்திருப்பவள் போல முகம் மலர்ந்திருந்தது. பூச்சியக்கா அந்த மலர்ச்சியைப் பார்த்து, 'முட்டாள் கழுதை' என்று மனதுக்குள் வைதாள்.

மேடை நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் விளக்கு, அதற்கு எதிரே கேமரா. பின்னாலிருந்த திரையில் வெட்டுக்கிளிகள் ஆட்டுக்குட்டி அளவுக்குத் தெரிந்தன. விளக்குச் சூடு வேலையைச் செய்தது. எழுச்சி தன் பால்ய கஷ்டங்களைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மந்தமான இரண்டில் ஒன்று குச்சியின் உச்சிக்கு ஏறி, பின்னங்காலால் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியது.

முதுகில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் அகன்றது. உள்ளேயிருந்து வெளிறிய பச்சையில் ஒரு முதுகு பிதுங்கி வந்தது, அப்புறம் தலை, அப்புறம் உறையிலிருந்து உருவுவதுபோல ஒவ்வொரு காலாக வந்தது. மயிரிழை போன்ற உணர்கொம்பைக்கூட அது ஒடியாமல் வெளியே இழுத்துக்கொண்டது. அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. ஆயிரம் தடவை பார்த்த பூச்சியக்காவே ஒரு நிமிஷம் எல்லாரையும் இகழ மறந்து அதைப் பார்த்தாள். எவ்வளவு கச்சிதம்! ஒரு வார்த்தை பேசாமல் எவ்வளவு பெரிய காரியம்!

அந்த அமைதி எழுச்சிக்குத் தாங்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை விரித்தார். "பாருங்க! பழைய தோல் போச்சு! இனி அதை யாராலயும் தடுக்க முடியாது!"

அப்போதுதான் பசிக்காரன்களில் ஒன்று குச்சியில் ஏற ஆரம்பித்தது.

என்ன நடக்கப்போகிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் உதடு சிரிப்பில் கோணியது. வந்தது புதியவனைக் கொம்பால் தொட்டுப் பார்த்தது. அப்புறம் இன்னும் கசங்கிக் கிடந்த இறக்கையைக் கடித்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. தொங்கிக்கொண்டிருந்தது காலை அசைக்கப் பார்த்தது. கால் வளைந்ததே தவிர உதைக்கவில்லை. "ஐயையோ!" என்று முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். "ஐயோ ஐயோ!" என்று அரங்கமே எழுந்தது.

ஜனங்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தார் எழுச்சி. "ஆமா! எழுந்திருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "இன்னைக்கு அதுக்கு நடக்கறது நாளைக்கு உங்களுக்கும் நடக்கும்!"

அவ்வளவுதான். பின்வரிசையில் எவனோ 'கெக்' என்று சிரித்தான். அது தீப்பிடித்த மாதிரி வரிசை வரிசையாகப் பரவியது. "சார், திரும்பிப் பாருங்க சார்!" என்று ஒருவன் கத்த, எழுச்சி திரும்பினார். திரையில் அவரைவிடப் பெரிதாக ஒரு வாய் மென்றுகொண்டிருந்தது. கீழே பாதி உடம்பு தொங்கியது.

"இதுதான்… இதுதான் பொறாமை! வளர்றவனை உலகம்…" என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. நூறு கைபேசிகள் மேலே உயர்ந்துவிட்டன. கேமராக்காரருக்குக் கருணை வந்து திரையை அணைத்தார். பூச்சியக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை. சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடிக்கு முன்னால் எழுச்சி உட்கார்ந்திருந்தார். சென்ட் வாசனை போய் வேர்வை நாற்றம் வந்திருந்தது. தங்கை அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பூச்சியக்கா அனுதாபத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி ஆயிடுச்சே. பூச்சிங்க, என்ன பண்றது…"

"உனக்குத் தெரியுமில்ல?" என்றாள் தங்கை.

"என்னடி தெரியும்?"

"நான் திரையைப் பார்க்கலக்கா. மூணாவது வரிசையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஹால்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியறதுக்கு முன்னாடியே நீ சிரிக்க ஆரம்பிச்சுட்டே."

"அவர்… மாப்பிள்ளை பத்து கேட்டார். இலை வேண்டாம்னார்," என்றாள் பூச்சியக்கா.

"தெரியாம கேட்டார். நீ தெரிஞ்சே குடுத்தே."

"உனக்காகத்தாண்டி! அந்த வேலையை நீ விட்டுடக் கூடாதேன்னு…"

தங்கை சிரித்தாள். சிரிப்பா அது? "நேத்தே சொல்லிட்டேன் இவர்கிட்ட. போன் பண்ண மாட்டேன், வேலையை விட எனக்கு மனசு வரலன்னு. 'உன் இஷ்டம்மா, போன் பண்ண வேண்டாம்'னார். நிகழ்ச்சி முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லி, மூணு பேரும் வெளிய சாப்பிடப் போகலாம்னு இருந்தோம். இவர்தான் ஓட்டல்ல மேசைகூடச் சொல்லி வெச்சார். 'அண்ணி ரொம்ப சந்தோஷப்படுவாங்க'ன்னார்."

பூச்சியக்கா எழுச்சியைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடைக் குரல் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "பரவால்ல விடு," என்றார் மெதுவாக. "அண்ணிக்கு என்மேல கோபம். அவ்வளவுதானே."

தங்கை கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"இப்ப எதுக்குடி போன்?"

"சாயங்காலத்துக்குள்ள ஊரே இவரைப் பார்த்துச் சிரிக்கும். இனிமே இவரை எவன் கூப்பிடுவான்? என் கூடப் பிறந்தவளே முதல் ஆளா சிரிச்சாச்சு. இவர்கூட முழு நேரமா நிக்க ஒரு ஆள் வேணும்."

எழுச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வேண்டாம்மா! நான் உளறினேன்னு வெச்சுக்கோ. என் பொழைப்பு போனா வேற பார்த்துக்கறேன், நீ அந்த வேலையை விட்டுடாதே." அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் பூச்சியக்காவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா கேப்பா."

இத்தனை வருஷத்தில் எழுச்சி பேசியதில் பொய் கலக்காத பேச்சு அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பூச்சியக்காவுக்கு அறிவு இருந்தது. வேறு எதற்கும் அந்த அறிவு உதவவில்லை.

"தப்புதாண்டி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உன் காலைக்கூடப் பிடிக்கறேன். அவசரப்படாதே. அந்த வேலை மறுபடி வராது."

"தெரியும்," என்றாள் தங்கை, போனைக் காதில் வைத்துக்கொண்டு. "நீதானே பக்கத்துல உக்காந்து படிக்க வெச்சே."

மறுமுனையில் மணி அடிப்பது அந்தச் சின்ன அறையில் மூன்று பேருக்கும் கேட்டது. எடுத்தார்கள். தங்கை நிமிர்ந்து நின்று, அலுவலகக் குரலில் பேசினாள்.

"மேடம், நான்தான். லீவு நாள்ல கூப்பிடறேன், மன்னிச்சுக்குங்க… திங்கட்கிழமைலேர்ந்து நான் வரல, மேடம். வேலையை விடறேன்… இல்ல மேடம், யாரும் கட்டாயப்படுத்தல. நல்லா யோசிச்சுத்தான்…"

அந்தப் பக்கம் மேலதிகாரி நீளமாக ஏதோ கேட்டார். தங்கை அக்காவை நேராகப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அக்காவா? இங்கதான் இருக்காங்க, மேடம். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இப்பத்தான் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க."